தீவுக்குப் போகிற டீச்சருக்கு

நாகர்கோவில்
ஞாயிறு மாலை

என் அன்பு மக்களே,

உன் மெசேஜ் பார்த்தேன். "பெரியம்மா, மாலத்தீவு ஆர்டர் வந்துட்டு. போகலாமா வேண்டாமா? ஒரே வரியில சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவோ அன்றைக்கே போன் பண்ணி, வேலை கிடைத்த சந்தோஷத்தையும் நீ கடல் தாண்டப்போகிற பயத்தையும் ஒன்றாகச் சேர்த்து அழுது தீர்த்தாள். "நீதானே அங்க அத்தனை வருஷம் குப்பை கொட்டினே, நீயே அவளுக்குச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு வரியில் கேட்டாய், ஒரு வரியில் சொல்கிறேன். இரண்டு கல்வியாண்டு இருந்தே தீருவேன் என்று முடிவு பண்ணிக்கொண்டு போவதானால் போ; ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் மனசின் ஓரத்தில் இருந்தால்கூடப் போகாதே. மீதியெல்லாம் இதற்கு விளக்கம்தான். கணக்கு டீச்சர் விடையை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாதே, செய்முறையும் காட்டவேண்டும்.

அந்த நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் தீவுகள். அதில் ஜனம் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில். பெரும்பாலும் ஊருக்கு ஒரு பள்ளி உண்டு. 1960-களின் தொடக்கத்தில் தலைநகர் மாலேயில் ஆங்கில வழிப் படிப்பைக் கொண்டுவந்தார்கள். அது மெல்ல மெல்ல வெளித்தீவுகளுக்கும் போனது. ஆங்கிலத்தில் கணக்கும் அறிவியலும் நடத்த அவர்களிடம் போதிய ஆள் இல்லை. முதலில் இலங்கையிலிருந்து வாத்தியார்கள் போனார்கள், பிறகு கேரளத்திலிருந்தும் நம் குமரி, நெல்லைப் பக்கத்திலிருந்தும். ஆக, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா காலத்திலிருந்தே கணக்கு டீச்சர் என்றால் பெட்டியோடு படகில் வந்து இறங்குகிறவள், ஒரு நாள் அதே பெட்டியோடு படகில் ஏறுகிறவள்.

ஏறுகிற நாள்தான் பிரச்சினை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பாதி வருஷத்தில் ஒருத்தி போவாள். ஊரில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) பட்டியலில் பேர் வந்துவிட்டது என்று இன்னொருவர் போவார். மீன் வாசனையும் தனிமையும் தாங்காமல் மூன்றாம் மாசமே போனவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்லமாட்டேன், அவரவர் நியாயம் அவரவருக்கு. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தப் பிள்ளை மூன்று நான்கு கணக்கு டீச்சரைப் பார்த்திருக்கும். ஒருத்தி அல்ஜீப்ராவைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருப்பாள், அடுத்தவர் வந்து சேர்வதற்குள் ஒரு மாசம் வகுப்பே நடந்திருக்காது, வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். முதல் வாரத்திலேயே ஒரு பையன் எழுந்து, "மிஸ், நீங்க எப்ப போவீங்க?" என்று உன்னைக் கேட்பான். திமிர் என்று நினைக்காதே. அவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

முதல் வருஷம் முழுக்க உன்னை எடை போடுவார்கள். நம்மூர் மெட்ரிக் பள்ளியில் டீச்சர் தலை தெரிந்ததும் நாற்பது பேர் எழுந்து குட்மார்னிங் பாடுவதைப் பார்த்துப் பழகிய உனக்கு அந்த வகுப்பு முதலில் சந்தைக்கடையாகத் தெரியும். நீ போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தன் ஜன்னல் பக்கம் போய் நிற்பான். "மிஸ், திஸ் இஸ் போரிங்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். கை ஓங்கிவிடாதே. அங்கே 2019-இல் குழந்தை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அடிப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. அதற்கு முன்பும் அந்த ஊர் தாய்மார்கள் அதைப் பொறுத்துக்கொண்டதில்லை. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற நம் பழக்கத்தைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போ. சத்தம் போடுவதும் பலிக்காது. ஊரே ஒரு கிலோமீட்டர் நீளம்தான். நீ காலையில் யாரைத் திட்டினாய் என்பது மத்தியானத்துக்குள் படகுத்துறையில் கயிற்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் வரை போய்விடும்.

பலிப்பது எது என்று கேட்டால், சொன்னதைச் செய்வது. வியாழக்கிழமை டெஸ்ட் பேப்பரைத் திருத்தித் தருகிறேன் என்றால் வியாழக்கிழமை தரவேண்டும். (அங்கே வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் விடுமுறை.) சாயங்காலம் எக்ஸ்ட்ரா கிளாஸ் என்றால், மழை பெய்தாலும் இரண்டே பேர் வந்தாலும் நீ அங்கே இருக்கவேண்டும். அந்த இரண்டு பேரும் போய் மற்றவர்களிடம் சொல்லுவார்கள். அடுத்த வாரம் ஐந்து பேர் வருவார்கள். இப்படித்தான் நம்பிக்கை வரும், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி பாடத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் பரீட்சை, ஐ.ஜி.சி.எஸ்.இ.; பதினொன்று பன்னிரண்டு போனால் எடெக்ஸெல் நடத்தும் ஏ லெவல். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டோம், பத்தாம் வகுப்புக் கணக்குதானே என்று அசட்டையாக இருந்துவிடாதே. நம் சிலபஸில் கஷ்டமான கணக்கு அதிகம், கேம்பிரிட்ஜில் கஷ்டமான கேள்வி அதிகம். மூன்று வரி கதை சொல்லி, ஒரு படம் கொடுத்து, உனக்கு எந்தச் சூத்திரம் வேண்டும் என்று சொல்லாமல் கேட்பான். விடை தப்பாக இருந்தாலும் வழி சரியாக இருந்தால் மார்க் உண்டு. விடை சரியாக இருந்து வழி காட்டாவிட்டால் சில இடங்களில் மார்க் போய்விடும். கால்குலேட்டரை நம்மூரில் திருட்டுப் பொருள் மாதிரி பார்ப்போம். அங்கே அதை ஒழுங்காகத் தட்டத் தெரியாத பிள்ளைக்கு மார்க் குறையும். முதல் வேலையாகப் பழைய வினாத்தாள்களையும் அவற்றின் விடைத் திட்டங்களையும் எடுத்து, நீயே ஒரு மாணவிபோல் உட்கார்ந்து எழுதிப் பார். போவதற்கு முன் இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே, வேறென்ன வேலை?

உன் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளைகள் யூடியூபிலும் விளையாட்டிலும் வளர்ந்ததால் உன்னைவிட வேகமாக ஆங்கிலம் பேசுவார்கள். எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள், அது வேறு விஷயம். நாம் 'டூ இன்டு த்ரீ' என்றால் பெருக்கல். அந்தப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் 'இன்டு' என்று வந்தால் வகுத்தல். நீ பெருக்கச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பாய், முதல் பெஞ்சு வகுத்துக்கொண்டிருக்கும். 'டைம்ஸ்' என்று சொல்லிப் பழகு. லட்சம், கோடி அங்கே செல்லாது, ஹண்ட்ரட் தவுஸண்ட், மில்லியன்தான். உன் உச்சரிப்பை யாராவது கிண்டல் பண்ணினால் நீயும் சேர்ந்து சிரித்துவிடு. இரண்டாம் தடவை பண்ணமாட்டார்கள்.

பேரிங்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் கோணத்தை அளந்து மூன்று இலக்கத்தில் எழுதவேண்டும். கிழக்கு 090, தெற்கு 180, இப்படி. காகிதத்தில் அதை நடத்தி நடத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பாதிப் பேர் எந்தப் புள்ளியில் நின்று அளக்கவேண்டும் என்பதையே பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வகுப்பைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மீன்பிடி தோணியிலிருந்து திசைகாட்டியை இரவல் வாங்கினோம். எதிரே கடலில் இரண்டு தீவுகள் தெரிந்தன. "இங்கே நின்று அந்தத் தீவு எத்தனை டிகிரி?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் தினமும் தூங்குகிற ஒரு பையன், பாதி ராத்திரி அவன் மாமாவோடு மீன்பிடிக்கப் போகிறவன், திசைகாட்டியைப் பார்க்காமலே "மிஸ், முன்னூறுக்குக் கொஞ்சம் மேல" என்றான். வைத்துப் பார்த்தால் 305. அடுத்த தீவையும் அப்படியே சொன்னான். அங்கிருந்து நம் தீவு எத்தனை டிகிரி என்று கேட்டதற்கு ஒரு நொடி யோசித்து 180-ஐக் கழித்தும் சொன்னான். நான் ஒரு வாரமாக நடத்திய பாடம் அவனுக்குத் தெரியாமல் இல்லை, அது கணக்கு என்பதுதான் அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதற்குப்பிறகு வகுப்பில் மற்றவர்களுக்கு அவன்தான் அதைச் சொல்லிக்கொடுத்தான்.

கடைசியில் பரீட்சையில் அவன் வாங்கியது டி கிரேடு. சி வாங்கினால்தான் பள்ளிக்கூடக் கணக்கில் தேர்ச்சி. எத்தனை பேர் ஐந்து பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள் என்பதை வைத்துத்தான் பள்ளியைத் தட்டிக்கொடுப்பதும் குட்டுவதும். அந்தப் பட்டியலில் அவன் எனக்கு ஒரு தோல்வி. நான் அப்படி நினைக்கவில்லை என்பதை எந்த அதிகாரியிடமும் விளக்கமுடியாது. அந்த மாதிரி விஷயங்கள் நிறைய வரும். அவற்றை நீயே வைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

வீட்டு நிலவரம் தெரியாமல் ஒரு பிள்ளையையும் பேசிவிடாதே. "நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று நம்மூர் வழக்கத்தில் சொல்லிவிட்டு நிற்பாய். அப்பா ஏதோ ஒரு ரிசார்ட்டில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருவார். அல்லது அப்பா வேறு தீவில் வேறு குடும்பத்தோடு இருப்பார். மணவிலக்கில் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய நாடு அது. அங்கே அதை யாரும் மானக்கேடாக நினைப்பதில்லை, மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கொண்டு சகஜமாக இருப்பார்கள். நீ அதில் நியாயம் பேசப் போகாதே, பரிதாபமும் படாதே. "வீட்டுல யாரு உன்னைப் பாத்துக்கிறாங்க?" என்று மட்டும் கேள். பெரும்பாலும் பாட்டியாக இருக்கும். அந்தப் பாட்டியைப் போய்ப் பார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, உனக்கு அவர்கள் மொழியான திவேஹி தெரியாது, பரவாயில்லை. அவள் கொடுக்கிற தேநீரைக் குடித்துவிட்டு வந்தாலே அடுத்த நாள் பிள்ளை நோட்டைக் கொண்டுவரும்.

உன்னை எரிச்சல்படுத்தப்போகிற இரண்டு ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, லீடிங் டீச்சர். பாடக்குறிப்பைப் பார்ப்பது, வகுப்பில் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பது எல்லாம் அவர் வேலை. உன்னைவிட வயசில் சின்னவராக இருக்கலாம். உன் பாடமே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். படிவத்தை அவர் கேட்கிற மாதிரி நிரப்பிக் கொடுத்துவிடு. அதில் போய் மானம் பார்க்காதே. இரண்டாவது ஆள் வைபர். அந்த ஊரில் எல்லாமே வைபரில்தான். வகுப்புக்கு ஒரு குரூப், பெற்றோருக்கு ஒரு குரூப், டீச்சர்களுக்கு இரண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு "மிஸ், நாளைக்கு ஹோம்வொர்க் என்ன?" என்று ஒரு அம்மா கேட்பாள். எட்டு மணிக்கு மேல் பதில் சொல்லமாட்டேன் என்று முதல் நாளே குரூப்பில் மரியாதையாக எழுதிப் போட்டுவிடு. மூன்று மாசம் கழித்துப் போட்டால் சண்டையாகிவிடும்.

பணம். இதற்காகத்தானே போகிறாய், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதிவிட்டு அரசு வேலைக்கு வருஷக்கணக்காகக் காத்திருந்தாய், தனியார் பள்ளியில் கொடுக்கிற சம்பளத்தில் உன் படிப்புக் கடனின் வட்டிதான் அடைபட்டது. அங்கே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு கிடைக்கும். ஆனால் கையில் வருவது ரூஃபியா, ஊருக்குப் போகவேண்டியது டாலர். அரசு விலையில் ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. வெளியில் அந்த விலைக்கு டாலர் கிடைக்காது, கூடுதல் கொடுக்கவேண்டும். வங்கி வழியாக மாசம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்கிற வரம்பும் சமீப வருஷங்களில் இறுகிக்கொண்டே வருகிறது. ஆகவே சம்பளத்தை 15.42-ஆல் வகுத்து, வந்ததை நம் ரூபாயால் பெருக்கி, உன் அப்பாவிடம் ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிடாதே. மாசாமாசம் எவ்வளவு நிச்சயமாக அனுப்ப முடியும் என்று இப்போது அங்கே இருக்கிற இரண்டு பேரிடம் விசாரித்து, அதை மட்டும் சொல். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள். அங்கே பார்க்கிற வருஷங்களுக்கு இங்கே பணிமூப்பு கிடையாது, பென்ஷன் கிடையாது. நாற்பது வயசில் திரும்பி வந்து நின்றால், நம்மூர்த் தாளாளர் உன் வெளிநாட்டு அனுபவச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புதுசாகச் சேர்கிறவர்களின் சம்பளத்தைத்தான் சொல்லுவார். அதனால் கடன் அடைந்ததும் வருகிற முதல் ரூபாயை உன் பேரில் போடு, தம்பி கல்யாணத்துக்கு அல்ல. இதை உன் அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இருக்கிற இடம், சாப்பாடு எல்லாம் ஒரு மாதிரி பழகிவிடும், அதிகம் எழுதவில்லை. காய்கறி மாலேயிலிருந்து படகில் வரும். கடல் கொந்தளித்தால் வராது. அந்த வாரம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும்தான், அதிலும் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து போவது. 1981-இல் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி வருஷாவருஷம் ஒதுக்கீடு உண்டு. மீன் சாப்பிடுகிற வீட்டுப் பெண் என்பதால் உனக்குக் கவலை இல்லை. சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்தால் அதுதான் நம்மூர்க் கடையில் விற்கிற மாசிக்கருவாடு. காலையில் அதைத் தேங்காய்த் துருவலோடும் வெங்காயத்தோடும் பிசைந்து ரொட்டியோடு கொடுப்பார்கள், இரண்டாம் நாளே கேட்டு வாங்கிச் சாப்பிடுவாய். குடிக்க மழைத்தண்ணீர் நல்லது. கிணற்றுத் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் முடி கயிறாகிவிடும். புளியும் சாம்பார்பொடியும் கொண்டுபோ, வேறு சுமக்காதே.

அறையில் உன்கூட இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அநேகமாக மலையாளிகள். நாகர்கோவில்காரிக்கு மலையாளம் சொல்லித்தரவேண்டாம். அடுப்பு, பாத்ரூம், யார் போன் பேசும்போது யார் வெளியே போவது, இதிலெல்லாம்தான் சண்டை வரும். பள்ளிக்கூடத்துச் சண்டையைவிட இது அலுப்பூட்டும். வெள்ளிக்கிழமை பகல்தான் மோசம். ஊர் ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள், கடை சாத்தியிருக்கும், தெருவில் ஈ காக்கை இருக்காது. வீட்டு நினைப்பு அப்போதுதான் நெஞ்சை அடைக்கும். அந்த நேரத்தில் ஊருக்குப் போன் பண்ணாதே. உன் அம்மா குரலைக் கேட்டால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாய். நான் அந்த நேரத்தில் அடுத்த வீட்டுப் பெண்களோடு போய்த் தென்னை நார் திரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உனக்கு வேலை போட்டிருக்கிற அட்டோலின், அதாவது தீவுக்கூட்டத்தின், தலைமைத் தீவான குளுதுஃபுஷி கயிற்றுக்குப் பேர்போனது. நம் கடற்கரைக் கிராமத்துப் பெண்கள்போலவே மட்டையை ஊறவைத்து அடித்துத் திரிப்பார்கள். கை வேலை தெரிந்த பெண்கள் ஒருவருக்கொருவர் பேச மொழி அவ்வளவாக வேண்டியதில்லை.

மத விஷயத்தில் கவனம். அது முழுக்க முழுக்க இஸ்லாமிய நாடு. வேறு மத வழிபாட்டுக்குப் பொது இடம் கிடையாது, சாமி சிலைகளை உள்ளே விடமாட்டார்கள். கும்பிடுவதை மனசுக்குள் கும்பிட்டுக்கொள். நோன்பு மாசத்தில் பகலில் வெளியே தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்காதே. அரசியலும் அப்படித்தான். 2023 தேர்தலின்போது 'இந்தியா அவுட்' கோஷம் பலமாக இருந்தது. அந்த நேரத்தில் அங்கே வேலை பார்த்த என் தோழியிடம் பயமாக இல்லையா என்று கேட்டேன். கோஷம் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர், தன் மகளுக்கு ஃபிஸிக்ஸ் எக்ஸ்ட்ரா கிளாஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனாராம். வயசானவர்களிடம் தமிழ் என்று சொன்னால் சிலர் ஒரு கணம் உற்றுப் பார்ப்பார்கள். 1988 நவம்பர் 3-ஆம் தேதி இலங்கையிலிருந்து படகில் வந்த புளொட் என்கிற தமிழ் ஆயுத இயக்கத்தினர், அந்த நாட்டு வியாபாரி ஒருவர் போட்ட திட்டப்படி மாலேயைப் பிடிக்கப் பார்த்தார்கள். அன்று ராத்திரியே இந்திய ராணுவம் விமானத்தில் வந்து இறங்கி அதை முறியடித்தது. தாக்க வந்ததும் தமிழ் பேசினவர்கள், காப்பாற்ற வந்ததும் நம் நாட்டுக்காரர்கள் என்பதால் அந்தப் பார்வையில் இரண்டும் இருக்கும். நீ விளக்கம் எதுவும் சொல்லவேண்டாம். "நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம்" என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். கண் ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ திருவனந்தபுரம் வந்துபோன யாராவது ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார்கள்.

அங்கேதான் எனக்கு ஒன்று நடந்தது. போன வருஷம் உன் பெரியப்பாவை இதயப் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் கூட்டிப்போயிருந்தேன். மருந்துக் கடை வரிசையில் பின்னாலிருந்து "மிஸ்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் பர்தா போட்ட ஒரு பெண், கையில் குழந்தை, பக்கத்தில் சக்கர நாற்காலியில் பாட்டி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளே பேர் சொன்னாள், எந்த வருஷம், எந்த பெஞ்சு என்று சொன்னாள். நான் போன முதல் வருஷம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் முறைத்துக்கொண்டே இருந்த பிள்ளை. இப்போது அவள் தீவிலேயே ஆரம்ப வகுப்பு டீச்சர். "நீங்க லீவுக்குப் போயிட்டுத் திரும்பி வரமாட்டீங்கன்னு நெனச்சோம் மிஸ். வந்தீங்க. அன்னைக்குத்தான் நான் கணக்கு நோட்டு வாங்கினேன்" என்றாள். பிறகு அவள் பாட்டிக்கான மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து மருந்துக்கடைக்காரரிடம் மலையாளத்தில் விளக்கம் கேட்டோம்.

இரண்டு வருஷம் என்று நான் ஒற்றைக்காலில் நிற்பது இதனால்தான். முதல் வருஷத்தில் உனக்குக் கிடைப்பது சம்பளமும் எரிச்சலும். லீவு முடிந்து நீ மறுபடியும் படகிலிருந்து இறங்குவதை அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் பார், அதற்குப் பிறகுதான் டீச்சர் வேலையே ஆரம்பிக்கிறது. முதல் வருஷத்தோடு திரும்பியவர்கள்தான் மாலத்தீவுப் பிள்ளைகள் படிக்காது, அடங்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்கள். அவர்கள் பார்த்ததும் உண்மைதான், பாதியோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் ஒரு பைசா கொடுக்காதே. நான் போன காலத்திலேயே ஒருத்தன் எங்கள் நான்கைந்து பேரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோனான். ஆர்டர் நேராக அந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்திலிருந்து வந்ததா, இடையில் யாராவது இருக்கிறார்களா என்று பார். சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும், நாளைக்கே தொடங்கு. போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை யாரிடமும் பத்திரப்படுத்தக் கொடுக்காதே. நகல் கேட்டால் நகல் கொடு.

நீ போகிற விஷயத்தை உன் அப்பாவிடம் நீ பேசவேண்டாம், அவருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடச் சொல்வதில்தான் கொஞ்சம் மல்லுக்கட்டவேண்டியிருக்கும். ஒப்பந்தத்தை முழுசாக ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பு, முதல் பக்கத்தை மட்டும் அல்ல. தங்குமிடம் அவர்கள் பொறுப்பா, படியா. லீவுக்கு வந்துபோக டிக்கெட் வருஷத்துக்கு ஒன்றா, ஒப்பந்தம் முடிந்தபிறகு மட்டுமா. நடுவில் விலகினால் எத்தனை மாச நோட்டீஸ், என்ன பிடித்தம் என்று பார்க்கவேண்டும். அதற்குமுன் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் பெரியம்மா